சிலம்பில் நான்கு உணர்வுகள்

ஒரு சமூகம் தன் மக்களை நெறியில் நிறுத்துவதற்குச் சட்டத்தையும் சிறைச்சாலையையும் மாத்திரம் நம்பியிருப்பதில்லை. ‘நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?’ என்ற கேள்வி பல வேளைகளில் அவற்றினும் வலியதாக நின்று காரியம் செய்கிறது. ‘செய்தது என் நெஞ்சைச் சுடுகிறது’ என்கிறார் ஒருவர். ‘மானம் போன பிறகு உயிர் எதற்கு?’ என்கிறார் வேறொருவர். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று குழந்தைக்குச் சொல்லி வைக்கிறோம். இந்த நான்கு பேச்சுகளுக்கும் பின்னால் நாணம், குற்றவுணர்வு, மானம், அச்சம் ஆகிய நான்கு உணர்வுகள் நிற்கின்றன. ஒரு மக்கட் கூட்டம் உலகை நோக்கும் முறையை இவை எங்ஙனம் அமைக்கின்றன என்பதைச் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டு நோக்குவதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

நேயர்களே, மேலைத்தேய அறிஞரிடையே இப்பொருள் பெரிதும் பேசப்பட்டமைக்கு ஒரு போரே காரணமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், அமெரிக்க அரசு ரூத் பெனடிக்ற் என்ற மானிடவியலாளரிடம் யப்பானியரின் மனப்பாங்கை ஆராயும் பணியை ஒப்படைத்தது. அந்நாட்டில் அவர் கால் பதித்ததில்லை. அமெரிக்காவில் வாழ்ந்த யப்பானியரிடம் உசாவியும், அவர்தம் நூல்களையும் திரைப்படங்களையும் நோக்கியும் அவர் எழுதிய நூல் 1946இல் வெளிவந்தது. ஊரார் பார்வைக்கு அஞ்சி ஒழுகுவது நாணப் பண்பாடு என்றும், யாரும் காணாதவிடத்தும் தன் உள்ளமே தன்னைச் சுடுவதால் ஒழுகுவது குற்றவுணர்வுப் பண்பாடு என்றும் அவர் வேறுபாடு காட்டினார். 1951இல் ஈ. ஆர். டொட்ஸ் இப்பாகுபாட்டைப் பண்டைய கிரேக்கருக்குப் பொருத்தினார். ஹோமரின் வீரர் நாணப் பண்பாட்டினர். பின்வந்தோர் மெல்ல மெல்லக் குற்றவுணர்வின்பால் நகர்ந்தனர் என்பது அவர் கருத்து. விவிலிய மொழிபெயர்ப்புத் துறையில் பெயர்பெற்ற யூஜின் நைடா 1954இல் இவற்றோடு அச்சத்தையும் சேர்த்து மூன்றாக எண்ணினார்.

இப்பாகுபாடு நமக்கு ஓரளவு விளக்கம் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்ன நாட்டார் நாணத்தால் வாழ்பவர், இன்ன நாட்டார் அச்சத்தால் வாழ்பவர் என்று பெயர் சூட்டத் தொடங்கும்போது இடர்ப்பாடு தோன்றுகிறது. எந்த மக்களிடத்தும் இந்நான்கும் ஒருங்கே உண்டு. எந்த உணர்வு யாரை எதற்கு இட்டுச் செல்கிறது, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் என்பது என் கருத்து. அவற்றுக்கு விடைகாணச் சிலம்பைப் போல உதவும் நூல் தமிழில் வேறொன்றில்லை எனலாம்.

சிலம்புக்கு முன்னர்ச் சங்கப் பாடல்கள் காட்டும் உலகைச் சிறிது நோக்குவோம். பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1968இல் நூலாக வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வு, சங்கச் சான்றோர் பாடல்களைக் கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிட்டது. இரண்டிடத்தும் புகழே வாழ்வின் பயன். பழியே இறப்பினும் கொடியது. வெண்ணிப் போரிலே கரிகாலனை எதிர்த்து நின்றான் சேரமான் பெருஞ்சேரலாதன். பகைவன் மார்பைக் குறித்து எறிந்த படை முதுகிலும் புண் செய்தது. அவன் புறங்காட்டி ஓடியவனல்லன். இருந்தும் முதுகில் புண் இருக்கிறதே என்று நாணி, வாளோடு வடக்கிருந்து உயிர் துறந்தான். வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர் வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, புண் நாணி வடக்கிருந்தவன் நின்னினும் நல்லவன் அல்லனோ என்று கேட்கிறார். வெற்றி பெற்ற மன்னன் முகத்துக்கு நேரே தோற்றவனை உயர்த்திப் பேச ஒரு புலவரால் முடிந்தது என்றால், அக்காலத்து மக்கள் எதைப் பெரிதெனப் போற்றினர் என்பது சொல்லாமலே விளங்கும்.

இங்கு கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. சேரமானை எவரும் பழிக்கவில்லை. புலவர் பாராட்டவே செய்தனர். அவன் நாணியது ஊரார் வாய்க்கு மாத்திரமன்று. தான் இத்தகையவன் என்று தன் நெஞ்சில் வரைந்து வைத்திருந்த ஓர் உருவத்தின் முன் அவன் நாணினான். நாணம் புறத்தே இருந்து வருவது, குற்றவுணர்வு அகத்தே இருந்து வருவது என்ற பாகுபாடு நம் பழம்பாடலொன்றின் முன்னிலையிலேயே தளர்ந்து போகிறது.

சிலப்பதிகாரம் இவ்வீரயுகம் கழிந்தபின் எழுந்த காப்பியம். சமண, பௌத்த சமயங்கள் பரப்பிய வினைக்கோட்பாடு தமிழர் சிந்தனையில் ஆழ வேரூன்றிய காலம் அது. பழைய மறமும் புதிய அறமும் ஒரே நூலில் எதிரெதிர் நிற்கின்றன. 1892இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் உரைகளோடு அதனைப் பதிப்பித்த நாள் முதலாகக் கற்பு, ஊழ், அரசியல் அறம் என்னும் மூன்று பொருள்களையே நாம் பெரிதும் பேசி வந்திருக்கிறோம். நம் நான்கு உணர்வுகளின் வழியே நோக்கினால் வேறொரு கதை புலப்படுகிறது.

முதலாவது நாணம். மாதவியை விட்டு மீண்ட கோவலன் கண்ணகியிடம் கூறும் சொற்களை நினைவுகூருங்கள். வஞ்சம் பொருந்திய ஒருத்தியோடு கூடிக் குலத்தார் தேடித்தந்த மலைபோன்ற செல்வத்தைத் தொலைத்தேன். இந்த வறுமை எனக்கு நாணத்தைத் தருகிறது என்கிறான். மனைவியைத் தனியே தவிக்கவிட்ட கொடுமையை அவன் முதலிற் கூறவில்லை. வணிகர் பெருந்தெருவிலே வறியவனாய் நடமாடுவது எப்படி என்பதே அவன் கவலை. பழியையும் மாதவி மேலேயே ஏற்றுகிறான். அதன் பயனாகப் பெற்றோருக்கும் உரையாது, விடியுமுன் இருளிலே மனைவியை அழைத்துக்கொண்டு புகாரை விட்டு நீங்குகிறான். நாணம் மனிதனை மறைந்துகொள்ளத் தூண்டும். ஊரை விட்டு ஓடத் தூண்டும். பிறர்மேற் குற்றம் சுமத்தவும் தூண்டும். இம்மூன்றையும் இளங்கோ ஒரே காட்சியில் வைத்துள்ளார்.

ஆனால் கோவலன் அந்த நிலையிலேயே நின்றுவிடவில்லை. மதுரைக்குச் செல்லும் வழியிலே கோசிகன் என்ற அந்தணன் மாதவியின் ஓலையைக் கொணர்ந்து கொடுக்கிறான். அதைப் படித்த கோவலன், அவள் தீதற்றவள், தீது என்னுடையதே என்று உணருகிறான். பின்னர், கொலைக்களம் செல்லுமுன் ஆயர் மனையிலே கண்ணகியை நோக்கி, கல்லும் முள்ளும் நிறைந்த வழியிலே உன்னை அழைத்து வந்தேனே, எழுக என்றதும் எழுந்தாயே என்று நைந்து பேசுகிறான். ஊரார் அங்கே இல்லை, பெருந்தெரு இல்லை, அவன் முன் நிற்பவள் அவனால் துன்புற்றவள் மாத்திரமே. நாணத்தோடு புறப்பட்டவன் குற்றவுணர்வை வந்தடைகிறான். புகாருக்கும் மதுரைக்கும் இடையே அவன் நடந்த நெடுவழி கால்களால் நடந்த வழி மாத்திரமன்று.

இரண்டாவது குற்றவுணர்வு. அதன் முழு உருவத்தைப் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் காண்கிறோம். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பி ஆணையிட்ட மன்னன் அவன். கண்ணகி அவைக்கு வந்து நின்றபோது, கள்வனைக் கொல்வது கொடுங்கோலன்று, அது அரச நீதியே என்றுதான் முதலில் வாதிடுகிறான். கண்ணகியோ தன்னை அறிமுகஞ் செய்கையில், கன்றிழந்த பசுவின் துயர் கண்டு தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் பிறந்த ஊர் தன் ஊர் என்று முன்னமே கூறிவிட்டாள். (அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மேல் இக்கதையை ஏற்றி மகாவம்சமும் கூறுவது நாம் அறிந்ததே.) தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொல்ல, எம்முடையது முத்து என்று மன்னன் தன் வாயாலேயே சொல்லுகிறான். தனக்கு எதிரான சான்றைத் தானே எடுத்துத் தருகிறான். சிலம்பைக் கொண்டுவருமாறும் தானே பணிக்கிறான்.

மாணிக்கப் பரல் தெறித்தபோது அவனுக்கு எத்தனை வழிகள் திறந்திருந்தன! பொற்கொல்லன்மேற் பழி போட்டிருக்கலாம். காவலரைக் குறை கூறியிருக்கலாம். விசாரணை நடத்துவதாகச் சொல்லி அந்த அயலூர்ப் பெண்ணை அனுப்பியிருக்கலாம். கணவனை இழந்து, காசும் துணையுமின்றி நின்றவள் அவள். செங்கோலும் படையும் அவனிடம் இருந்தன. அந்நிலையிலும் தான் அரசனல்லன், தானே கள்வன் என்று அவையறியக் கூறி வீழ்ந்து மடிகிறான். இச்செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வினையால் வளைந்த கோலை அம்மன்னனின் உயிர் நிமிர்த்திவிட்டது என்று மதிப்பிடுகிறான். இதனைச் சொல்லுபவன் வேற்றரசன் என்பது நோக்கத்தக்கது. குற்றத்தை மறைத்திருந்தால் பாண்டியர் பெயர் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று நினைப்போர் உண்டு. ஏற்றுக்கொண்டமையாலேயே அது காப்பாற்றப்பட்டது என்பது இளங்கோவின் தீர்ப்பு.

குற்றவுணர்வு குற்றம் செய்தாரிடத்து மாத்திரம் தங்குவதில்லை என்பதையும் காப்பியம் காட்டுகிறது. கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற ஆயர்குல மாதரி, அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று தீப்பாய்கிறாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். கோவலனைக் கொல்லுவித்த ஆணையிற் கையொப்பம் இடாதவர்கள் இவர்கள். குற்றமற்றவர் இப்படி வருந்துவதும், அதிகாரத்தில் இருப்போர் அமைதியாக உறங்குவதும் உலகில் எங்கும் காணும் வழக்கம். பாண்டியன் அவ்வழக்கத்துக்கு விலக்காக நின்றமையினாலேயே காப்பிய மாந்தனானான்.

மூன்றாவது மானம். அது வஞ்சிக் காண்டத்துக்குரியது. பத்தினிக்குக் கல்லெடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, வடவரசர் கனகனும் விசயனும் தமிழ் மன்னரை இகழ்ந்தனர் என்ற செய்தியும் செங்குட்டுவனை எழுப்புகிறது. 18 நாழிகையில் போர் முடிகிறது. இமயத்திலெடுத்த கல்லைத் தோற்ற மன்னரின் தலையிலேயே ஏற்றிக் கொணர்கிறான். வஞ்சியை விட்டு அவன் நீங்கியிருந்த காலம் 32 மாதம். இப்பகுதியைப் படிக்கும்போது தமிழர் நெஞ்சு நிமிர்வது இயல்பே. ஆயினும் இளங்கோ அங்கே கதையை நிறுத்தவில்லை. சிறைப்பிடித்த அரசரைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டிவர அனுப்பியபோது, போர்க்களத்தை விட்டுத் தவவேடம் பூண்டு ஓடியவரைப் பிடிப்பது என்ன வீரம் என்ற பொருள்பட அவ்விருவரும் பேசுகின்றனர். கேட்ட செங்குட்டுவனின் கண் சிவக்கிறது. இன்னொரு போர் வாயிலில் வந்து நிற்கிறது. மானத்தின் இயல்பு இதுதான்: ஒரு வெற்றியால் அதன் பசி அடங்குவதில்லை. எங்கோ எவரோ சொன்ன ஒரு சொல் மீண்டும் அதனை எழுப்பிவிடும்.

அவ்வேளையில் மாடலன் என்னும் மறையோன் குறுக்கிட்டு, ஆட்சியேற்று 50 ஆண்டு சென்றும் நீ மறக்கள வேள்வியே செய்தாய், அறக்கள வேள்வி செய்தாயில்லை என்று இடித்துரைக்கிறான். யாக்கையும் செல்வமும் நிலையாமையை எடுத்துக் கூறுகிறான். மன்னன் தணிகிறான், சிறைப்பட்ட ஆரிய மன்னரும் விடுவிக்கப்படுகின்றனர். மானம் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளாது. அதனை அடக்க ஒரு சொல் வேண்டும். அச்சொல்லைச் சொல்லும் துணிவுடையவனும் வேண்டும். கேட்கும் செவியுடைய மன்னனும் வேண்டும். வெண்ணிக் குயத்தியாருக்கும் மாடலனுக்கும் இடையே இருக்கும் தொலைவுதான் வீரயுகத்துக்கும் அறயுகத்துக்கும் இடையேயுள்ள தொலைவு. முன்னவர் மானத்தைப் பாடினார். பின்னவன் அதனைக் கேள்விக்குட்படுத்தினான்.

நான்காவது அச்சம். இது காப்பியத்தில் மிகச் சில அடிகளில் வந்து போவதால் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். நெடுஞ்செழியன் இறந்தபின் பாண்டிநாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, வெப்புநோயும் கொப்புள நோயும் தொடர்ந்தன. பத்தினியின் சினமே காரணம் என்றஞ்சிய வெற்றிவேற் செழியன், கொற்கையிலிருந்து வந்து பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் பலியிட்டுச் சாந்தி செய்தான். உயர்தர வகுப்பிலே இவ்விடத்தை எடுத்துரைக்கும்போதெல்லாம் ஏதாவதொரு மாணவனோ மாணவியோ எழுந்து கேட்பதுண்டு: “சேர், அந்த ஆயிரம் பேரும் என்ன பிழை செய்தவை?” உரையாசிரியரிடத்தும் அதற்கு விடை இல்லை. சிலம்பைத் திருடியவன் ஒருவன். அவனோடு தொழிலாலும் குலத்தாலும் ஒன்றுபட்டமை தவிர ஏனையோர் யாதும் செய்தாரல்லர்.

இருவரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இருவரும் பாண்டியர், ஒரே குற்றத்தின் வாரிசுகள். முன்னவன் குற்றத்தைத் தன்னுடையதென ஏற்றான். அதன் விலையைத் தன் உயிராலேயே கொடுத்தான். பின்னவன் அச்சத்தால் உந்தப்பட்டான். அதன் விலையைப் பிறர் உயிரால் கொடுத்தான். குற்றவுணர்வு ‘நான் என்ன செய்தேன்?’ என்று கேட்கும். அச்சம் ‘யாரைக் கொடுத்தால் நான் தப்புவேன்?’ என்று கேட்கும். இந்த வேறுபாட்டை மேலைத்தேய ஆய்வாளரின் பட்டியல்களைக் காட்டிலும் தெளிவாகச் சிலம்பு நமக்கு உணர்த்துகிறது.

ஈழத்து வாசகர்களாகிய நமக்கு இது பழங்கதையாக மாத்திரம் இருத்தல் இயலாது. 1983 ஜூலையில் தமிழர் என்ற ஒரே காரணத்தால் கொழும்பிலும் பிற ஊர்களிலும் மக்கள் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் என்ற ஒரே காரணத்தால் வடமாகாண முஸ்லிம் மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஒருவர் செயலுக்கு அவர் இனத்தாரைத் தண்டிப்பது கொற்கையோடு முடிந்துவிடவில்லை. 2009 வரை நீடித்த போர்க்காலம் முழுவதும் மானத்தின் பேராற் பேசியவர் பலர். அச்சத்தின் பேராற் செய்தவரும் பலர். இது என் பிழை என்று அவையறியச் சொன்ன நெடுஞ்செழியர் எல்லாத் தரப்பிலும் அரியர்.

எனினும் இதே நாட்டிலேதான் அச்சம் வேறொரு வடிவமும் பெற்றது. செங்குட்டுவன் எடுத்த விழாவிலே கடல்சூழ் இலங்கைக் கயவாகு மன்னன் இருந்தான் என்று சிலம்பு கூறுகிறது. அவனும் தன் நாட்டில் பத்தினிக்குக் கோட்டம் எடுத்து ஆடித் திங்களில் விழாக் கண்டான், மழை பெய்து வளம் பெருகிற்று என்பது உரைபெறு கட்டுரையின் செய்தி. அங்கே பலியான பொற்கொல்லர் எவருமில்லை. அவ்வழிபாடு இன்றும் இரு மொழியினரிடையே நிலவுகிறது. காரைதீவு முதலான கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் வைகாசித் திங்களிலே கண்ணகி வழக்குரை பாடப்பெறுகிறது. வழக்குரைத்த அம்மனின் வெம்மை தணிய இறுதியிலே குளிர்த்தி நடைபெறுகிறது. முல்லைத்தீவு வற்றாப்பளையிலே வைகாசி விசாகப் பொங்கலுக்குப் பல்லாயிரவர் கூடுகின்றனர். சிங்கள மக்கள் நவகமுவையிலும் பிற இடங்களிலும் அவளையே பத்தினித் தெய்வம் எனத் தொழுகின்றனர். நம் கொம்பு விளையாட்டும் அவர்தம் அங்கெலியவும் ஒரே வழிபாட்டின் இரு கிளைகள்.

அம்மை நோய்க்கும் வறட்சிக்கும் அஞ்சியே மக்கள் இவ்வழிபாட்டை மேற்கொண்டனர் என்பது உண்மை. ஆனால் அந்த அச்சம் பலியாளைத் தேடி ஓடவில்லை. முதலில் வழக்கு உரைக்கப்படுகிறது. நடந்த அநீதி ஊர் கூடியிருக்க முழுவதும் பாடப்படுகிறது. அதன் பின்னரே நீரும் வேப்பிலையும் வருகின்றன. அநீதியைச் சொல்லாமலே குளிர்விக்க முனைவது அம்மரபில் இல்லை. வெற்றிவேற் செழியன் அறியாத இவ்வொழுங்கை நம் நாட்டுப்புறத்து மக்கள் அறிந்திருந்தனர்.

திருவள்ளுவரும் இந்நான்கு உணர்வுகளையும் மறுத்தாரல்லர். அவற்றின் முகத்தைத் திருப்பி வைத்தார் எனலாம். அச்சத்துக்கு 21ஆம் அதிகாரம் தந்து, தண்டனைக்கு அஞ்சாது தீமை செய்வதற்கு அஞ்சுக என்றார். வாய்மை கூறும் 30ஆம் அதிகாரத்திலே தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று குற்றவுணர்வைச் சுட்டினார். மானத்துக்கு 97ஆம் அதிகாரத்தை வகுத்தார். நாணுடைமை பேசும் 102ஆம் அதிகாரத்திலே தகாத செயலுக்கு நாணுவதே நாணம் என்று வரையறை செய்து, ஒருபடி மேலே சென்று, தமக்கு வரும் பழியோடு பிறர்க்கு வரும் பழிக்கும் ஒப்ப நாணுபவரே நாணத்தின் உறைவிடம் என்றார்.

இக்கடைசிக் கருத்து நம் சிந்தனைக்குரியது. நம் இனத்தார் மேற்பழி வரும்போது அதனை மறுக்கவும் மறைக்கவும் விரைவது கோவலன் புகாரிற் கொண்ட நாணம். அயலான் மேல் விழும் பழிக்கும் நம் மேல் விழும் பழிக்கும் ஒரேயளவாக நாணுவது வள்ளுவர் சொன்ன நாணம். முன்னது இருளில் ஊரை விட்டு ஓடச் செய்யும். பின்னது பாண்டியன் அவையிலே நின்று, சிலம்பைக் கொணர்க என்று சொல்லச் செய்யும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அதிகாரத்திலுள்ளோர் முன்வரும்வரை வழக்குரை முடிவதில்லை. குளிர்த்தியும் நிறைவு பெறுவதில்லை.